உடனடியாக, வேதனையின்றி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இருமல் போய்விட்டது, பசி மட்டும் போகவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? இந்தக் குளிரில் அப்பாவின் மூட்டு வலி என்ன பாடு படுத்துகிறது?

நல்ல செய்தி ஒன்று. என்னை முன்வரிசையிலிருந்து எடுத்து மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி நழுவினால் மரம் எது மனிதன் எது என்று தெரியாதவன் கையில் துப்பாக்கி இருப்பது நம் ஆட்களுக்குத்தான் ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இப்போது பழைய தானியக் கிடங்கில் எனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, சிவப்பு மைப் பேனாவோடு ஒரு கேப்டன்.

வேலை இதுதான். படையில் யாராவது இறந்தாலோ, காயப்பட்டாலோ, காணாமல் போனாலோ நான் அறிக்கை எழுத வேண்டும். யார், எங்கே, எப்போது, எப்படி, கண்ணால் பார்த்தவர் யார். நம் ஊர்க்காரர்களின் அறிக்கை நேராக உன் அலுவலகத்துக்கு வரும். அதை எடுத்துக்கொண்டு நீ அந்த வீட்டுக்குப் போவாய். நான் எழுத, நீ சொல்ல, நம் வீட்டில் இது குடும்பத் தொழிலாகிவிட்டது. சிரிப்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவிடம், மேசைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறேன் என்று சொல்.

உன் அன்புத் தம்பி,
கண்ணாடி

பிப்ரவரி 19

என் கண்ணாடிக்கு,

அக்காவின் ஆசி. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் மூட்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அதாவது வலிக்கிறது. உன் கடிதத்தை அவர் காதில் விழும்படி நான் கத்திப் படித்ததில், நீ மேசைக்குப் போனது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் தனித்தாளில் எழுது.

இந்த மாதம் ஏழு வீடு. வாசலில் நின்று சொல்லக் கூடாது, உள்ளே போய் அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் கறுப்புப் பையோடு நானும் தலைமை எழுத்தரும் தெருமுனையில் திரும்பும்போதே பாதி ஜன்னல்கள் சாத்திக்கொள்கின்றன. லீவு நாளில் கடைக்குப் போனால்கூட இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடக்கிறேன். பை இல்லை என்று எல்லோருக்கும் தெரியட்டுமே.

சரி, சண்டைக்கு வருகிறேன். ஏழு அறிக்கையிலும் ஒரே வாசகம்: 'உடனடியாக, வேதனையின்றி உயிரிழந்தார்.' உங்கள் முகாமில் ஒருவர்கூட மெதுவாகச் சாக மாட்டாரா?

நேற்று ஒரு தச்சர் வீடு. மகன் போன செய்தி. அவர் அழவில்லை. "அவன் பக்கத்துல யாரும்மா இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. "தெரியலைங்க" என்றேன். "அதுவே தெரியலன்னா, வலிக்கலங்கறது மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றார்.

எனக்கு ஒரு வரி வேண்டும். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்கிற ஒரே வரி. அது இல்லாமல் இனி ஒரு வீட்டுப் படி ஏறுவது எனக்குக் கஷ்டம்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், காது மட்டும் சுடுகிறது. நீ முறுக்கியதுதான்.

அந்த வாசகம் என்னுடையது இல்லை. கேப்டனுடையது. "வீட்டுக்காரங்களுக்கு விவரம் எதுக்கு? ஆறுதல் போதும்" என்பார். நான் உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். தச்சர் கேட்ட இடம் வந்ததும் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். "செஞ்சு தொலை. ஆனா சாயங்காலத்துக்குள்ள அறிக்கை என் மேசைக்கு வந்துடணும்" என்றார்.

அதனால் இப்போது நான் ஊர் சுற்றி. முதலில் கள மருத்துவமனை. அங்கே பார்த்தவர்கள் கிடைக்காவிட்டால் அவர்கள் இருக்கும் முன்வரிசைக் காவல்நிலைக்கே போக வேண்டும். இடம் மாறிவிட்டார்கள் என்றால் பிறகு பிடிக்க முடியாது. ஜீப் ஓட்டுபவன் நம் ஊர்க்காரன். ஆளே இல்லாத சாலையிலும் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பதால் அவனுக்குப் பெயரே ஹாரன். அவன் அம்மா நம் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாராம், உனக்குத் தெரிந்திருக்கும். அந்த ஜீப்பை அவன் துடைக்கிற துடைப்பில் பெயிண்டே கரைந்துவிடும். சேற்றுக் காலோடு ஏறினால் என்னை இறக்கிவிட்டுத் தட்டச் சொல்வான். "எழுத்தரே, உங்க காகிதம் மாதிரிதான் இதுவும், கறை ஆகாம பார்த்துக்கணும்" என்பான்.

தச்சர் மகனைப் பற்றி இணைப்பில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். வலித்திருக்கிறது, அக்கா. அதையும் எழுதியிருக்கிறேன்.

அப்பாவுக்கு வணக்கம் சொல்.

கண்ணாடி

மார்ச் 25

என் கண்ணாடிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், என்னைத் திட்டுகிறார். ஆகவே அவரும் நலம்.

தச்சரிடம் இணைப்பைப் படித்துக் காட்டினேன். வலித்தது என்ற இடத்தில் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு பேர் இருந்தார்கள் என்றதும்தான் அழுதார். பிறகு தெருமுனை வரை என்னோடு நடந்து வந்து வழியனுப்பினார். இந்த வேலையில் என்னை யாரும் வழியனுப்பியது கிடையாது.

போன வாரம் இன்னொரு வீடு. கடைசியாக அவர் தன் பூட்ஸ் ஒரு அளவு சின்னது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார் என்று நீ எழுதியிருந்தாய். அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்துவிட்டார். "கல்யாணத்தன்னிக்கும் செருப்பு கடிக்குதுன்னுதான் சொன்னாரு" என்றார்.

இதுதான் அறிக்கை. இப்படியே எழுது. எத்தனை தூரமானாலும் போய்க் கேள், விட்டுவிடாதே. உன் ஒரு வரி இங்கே ஒரு வீட்டைத் தாங்குகிறது.

டிக்கெட் கவுண்டர் அம்மாவிடம் அவர் மகனோடுதான் நீ ஜீப்பில் போகிறாய் என்றேன். அன்றிலிருந்து எனக்கு ஜன்னல் ஓர சீட்தான். "லெட்டர் போடாம ஹாரன் அடிச்சா மட்டும் போதுமான்னு கேளும்மா" என்றார். கேட்டுவிடு.

அக்கா

ஏப்ரல் 18

தம்பி,

நீ நலமா? உன்னிடமிருந்து கடிதமே இல்லை. அப்பா தினமும் தபால்காரர் சைக்கிளை எட்டிப் பார்க்கிறார்.

இன்று என் பையில் ஹாரனின் அறிக்கை. உன் மேசையிலிருந்து வந்ததுதான். 'உடனடியாக, வேதனையின்றி.' கண்ணால் பார்த்தவர் என்ற இடம் காலி.

வீட்டுக்குப் போனோம், பூட்டியிருந்தது. வேலை நேரம். வேறு வழியில்லாமல் பஸ் நிலையத்துக்குப் போனோம். கவுண்டர் முன்னால் நீள வரிசை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தலைமை எழுத்தரையும் பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தார். வரிசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் டிக்கெட் கொடுத்தார். சில்லறையைச் சரியாகக் கொடுத்தார். ஒரு கிழவர் ஊர்ப் பெயரை மாற்றி மாற்றிச் சொன்னபோதும் பொறுமையாகக் கேட்டு எழுதினார். கடைசி ஆள் நகர்ந்ததும் 'மூடப்பட்டது' பலகையை வைத்துவிட்டு, "இப்ப சொல்லு" என்றார்.

சொன்னேன். நின்றுகொண்டேதான் கேட்டார். "யாரு பக்கத்துல இருந்தாங்க?"

நான் அவரிடம் தச்சர் கதையையெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தேன், தம்பி. அதனால் அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். "என் தம்பிகிட்ட கேட்டு சொல்றேன்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உடனே எழுது.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் தாமதமானதற்கு மன்னிக்கவும். வேலை அதிகம். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறது என்று நீ சொல்வாயே, அதனால் தட்டச்சில் பழகுகிறேன்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. சாப்பாடு பரவாயில்லை. கேப்டன் முன்னைவிட நன்றாக நடத்துகிறார். சில நாட்களாக வேறு முகாமில் இருக்கிறேன், ஓய்வுக்காக. பக்கத்தில் ஒரு குளம் இருக்கிறது. காலையில் கொக்குகள் வரும்.

டிரைவரைப் பற்றி அறிக்கையில் உள்ளதுதான். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அவர் தாயாருக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிக்கவும்.

அப்பாவை மருந்தை வேளை தவறாமல் சாப்பிடச் சொல்.

தம்பி

மே 17

தம்பி,

நலமா என்று நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

அறிக்கை வாசிப்பது என் பிழைப்பு. எது எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க மாட்டேன், எது இல்லை என்றுதான் பார்ப்பேன். உன் கடிதத்தில் குளம் இருக்கிறது, கொக்கு இருக்கிறது, நீ இல்லை. ஜீப்பில் உன்னைக் கால் தட்டச் சொன்ன பையனை 'டிரைவர்' என்கிறாய். உறை மேல் குத்தியிருப்பது ராணுவ மருத்துவமனை முத்திரை. கீழே கையெழுத்து இல்லை. 'தம்பி' என்பதைக்கூடத் தட்டச்சில் அடித்திருக்கிறாய். அப்பா தாளை வாங்கி, நீ வழக்கமாக அழுத்திக் கையெழுத்துப் போடுகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த அம்மா தினமும் கேட்கிறார். கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாக டிக்கெட்டை நீட்டும்போது, "பதில் வந்துச்சா?" அவ்வளவுதான். பின்னால் வரிசை நிற்பதால் வேறு பேச்சு கிடையாது. நான் "இன்னும் இல்லைம்மா" என்பேன். உன் கடிதம் கைப்பையில் இருக்கும்போதே அப்படிச் சொன்னேன். இப்போதெல்லாம் ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் பஸ் ஏறுகிறேன். இந்த வயதில் ஒளிந்து திரிகிறேன்.

உனக்கு என்ன ஆயிற்று? அவன் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

அக்கா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். கவலைப்பட வேண்டாம்.

தயவுசெய்து இதைக் கிளறாதே. சில அறிக்கைகள் முழுமையாக இருந்தால் யாருக்கும் நல்லதில்லை. கேப்டன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அந்த அம்மாவுக்கு இருப்பது போதும். உனக்கும்தான்.

தம்பி

ஜூன் 11

தம்பி,

'உனக்கும்தான்' என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகத் தூங்கவில்லை. எனக்கு ஏன்? எனக்கும் அந்தப் பையனின் சாவுக்கும் என்ன?

பதில் எனக்கு ஓரளவு தெரிகிறது என்று நினைக்கிறேன். மார்ச் மாதம் உனக்கு என்ன எழுதினேன் என்பது எனக்கு மறக்கவில்லை.

ஆகவே இதை அலுவலக முறைப்படி செய்திருக்கிறேன். ஹாரனின் அறிக்கையை 'முழுமையற்றது' என்று குறிப்பிட்டு, என் கையெழுத்தோடு திருப்பி அனுப்பியாயிற்று. அப்படி அனுப்ப எனக்கு அதிகாரம் உண்டு, இதுவரை பயன்படுத்தியதில்லை. தலைமை எழுத்தர் பயந்துவிட்டார். "சொந்தத் தம்பி மேலயே நோட்டீஸாம்மா?" என்றார். ஆமாம், சொந்தத் தம்பி என்பதால்தான்.

என்னைக் காப்பாற்ற வேண்டாம். தெரியாத வீட்டுக்கெல்லாம் போய் உண்மையைச் சொல் என்று கேட்டவள் நான். என் வீட்டுக்கு வரும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்ள முடியுமா? எழுது. எப்படி எழுதினாலும் நீ என் தம்பிதான். அப்பா தூங்கிய பிறகே படிப்பேன்.

அக்கா

ஜூலை 1

அக்கா,

இதை இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது ஆகிறது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

திருப்பி அனுப்பப்பட்ட அறிக்கை, திருத்தியது:

இறந்தவர்: ஜீப் டிரைவர். ஹாரன் என்று அழைக்கப்பட்டவர். காயப்பட்டவர்: எழுத்தர், அதாவது நான். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. காயப்பட்டவர் கேட்டுக்கொண்டால் வீட்டுக்குத் தகவல் போகாது. நான் கேட்டுக்கொண்டேன்.

நாள்: ஏப்ரல் 3. இடம்: ஆற்றுப் பாலத்துக்குப் போகும் சாலை.

காரணம்: ஒரு சமையல்காரர் இறந்ததைப் பார்த்தவர்கள் பாலத்துக் காவல்நிலையில் இருந்தார்கள். மறுநாள் அவர்கள் இடம் மாறுவதாக இருந்தது. கேப்டன் "விடு, போகாதே" என்றார். நான் உன் கடிதத்தைக் காட்டினேன். 'எத்தனை தூரமானாலும்.' ஹாரன் வண்டியை எடுத்தான். பார்த்தவர்களிடம் பேசினோம். உனக்கான வரி கிடைத்தது, எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பும்போது மதியம், குண்டு சாலையில் விழுந்தது. அந்தத் தாளைப் பிறகு படிக்க முடியவில்லை.

எப்படி இறந்தார்: உடனடியாக இல்லை. அவனுக்கு வயிற்றில் காயம். அந்தக் காயத்தோடும் என்னைப் பள்ளத்துக்கு இழுத்துப் போட்டு, தன் பெல்ட்டைக் கழற்றி என் கையைக் கட்டினான். அதனால்தான் நான் இருக்கிறேன். பொழுது சாயும்வரை உயிரோடு இருந்தான். வேதனை இருந்தது. கத்தினான். என்னைத் திட்டினான். "ஒரு வரிக்காடா? உங்க அக்காவுக்கு ஒரு வரி வேணும்னு என் வண்டியையும் கெடுத்து என் வயித்தையும் கெடுத்துட்டியேடா, குருட்டுப் பயலே!" இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான். வேறு நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. சொன்னதாக எழுத ஆசைப்பட்டேன். முடியவில்லை.

பக்கத்தில் யார்: நான். ஆனால் பொழுது சாயும் நேரத்தில் மயங்கிவிட்டேன். விழித்தபோது அவன் போயிருந்தான். ஆகவே பக்கத்தில் யாரும் இல்லை என்றும் எழுதலாம். எது சரி என்று நீயே சொல்.

கேப்டன் என் கட்டிலுக்கு வந்து, "அறிக்கையில என்னடா போட?" என்று கேட்டார். "வழக்கமானதையே போடுங்க சார்" என்றவன் நான்தான்.

பார்த்தவர்: நான். அறிக்கை முழுமையானது.

கண்ணாடி

ஜூலை 20

என் கண்ணாடிக்கு,

கட்டு பிரித்துவிட்டார்களா? இடது கைக்கு ஓய்வு கொடுக்கிறாயா? காய்ச்சல் இல்லையே?

உன் கை பற்றி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மெதுவாகச் சொல்லத்தான் பார்த்தேன், அவர் காதுக்குக் கேட்கவில்லை. கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "எந்தக் கை?" என்றார். சொன்னேன். "எழுதற கை" என்றார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "எப்ப வர்றானாம்?" என்று கேட்டார். எப்போது வருகிறாய்?

எனக்கு எப்படி இருக்கிறது என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். உன் கையும் அந்தப் பையன் உயிரும் என் ஒரு வரிக்குப் போனவை. இல்லை என்று நீ எத்தனை பக்கம் எழுதினாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. எழுதவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். பை இல்லாமல், தலைமை எழுத்தர் இல்லாமல். விதிப்படி உட்கார்ந்த பிறகு படித்தேன். எதையும் விடவில்லை. என் கடிதம் வரும் இடத்தையும் விடவில்லை. திட்டு வரும் இடத்தைப் படித்து முடித்தேன். நிறுத்தினேன்.

"இன்னொரு தடவ படி" என்றார்.

படித்தேன்.

"வண்டிய முதல்ல சொல்றான் பாத்தியா? வயித்த அப்புறம்தான் சொல்றான்" என்றார். "அவன்தான். அன்னிக்கு நீ கொண்டு வந்த காகிதத்துல இருந்தது யாரோ ஒருத்தன். இது என் புள்ள." பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை.

பக்கத்தில் யாரும் இல்லை என்று எழுதலாமா என்று நீ கேட்டிருந்ததை அவரிடமே கேட்டேன். "மயங்கிக் கெடந்தாலும் ஆள் ஆள்தானே. அவன் இருந்தான்னே எழுது" என்றார்.

எழுந்து வாசலுக்கு வந்தபோது சொன்னார். "உன் தம்பி வந்தா வரச் சொல்லு. நீ வராத. என் கவுண்டர்லயும் டிக்கெட் வாங்காத. என்னால உன் மூஞ்சியப் பாக்க முடியாது." சரிம்மா என்றேன். "அந்தத் தாள வெச்சிட்டுப் போ." அது அலுவலகக் கோப்புக்குப் போக வேண்டியது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே, தம்பி, கோப்பு காலியாக இருக்கிறது. அந்த அறிக்கையை நீ மறுபடியும் முழுதாக எழுத வேண்டும். உன் கை வலிக்கும், தெரியும். அவசரமில்லை. ஆனால் அவன் திட்டியதில் ஒரு சொல்லைக்கூடக் குறைத்துவிடாதே.

அக்கா